கோயிலுக்குக் காசு கேட்கப் போகிறவர்களுக்கு

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

இந்த முறை அருட்பணிச் சபைக்குத் தெரிவானவர்களில் பாதிப்பேர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள் என்று அறிந்து சந்தோசப்பட்டேன். கூரை ஒழுகுகிறது, மணிக்கூண்டு வெடித்திருக்கிறது, திருவிழாவுக்கு வருகிற பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை. மூன்றையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் புறப்படப் போகிறீர்களாம். போகமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாராம் பங்குச் சுவாமி. வாயால் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், எழுதித் தருகிறேன். கூட்டத்தில் நீங்கள் சண்டைபிடிக்கும்போது இடம் காட்ட வசதியாக இலக்கமும் போட்டிருக்கிறேன்.

1. முதலில் கூரையில் ஏறிப் பாருங்கள்.

"கோயில் திருத்த வேலைக்கு உதவி செய்யுங்கள்" என்று கேட்டால், கேட்டவரின் முகத்துக்காக ஆயிரம் ரூபா தருவார்கள், அடுத்த கிழமை மறந்துவிடுவார்கள். "தெற்குப் பக்கத் தாழ்வாரத்தில் பன்னிரண்டு சிலாகை உளுத்துப்போச்சு, ஒரு சிலாகைக்குக் கூலியோடு இவ்வளவு முடியும்" என்று கேட்டுப் பாருங்கள். திண்ணையில் இருக்கிறவர் தானாகவே கணக்குப் போடத் தொடங்குவார். "மச்சானும் நானும் சேர்ந்து இரண்டு சிலாகை" என்பார். இப்படிக் கேட்பதற்கு உளுத்தது எத்தனை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மேசனையும் தச்சனையும் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். சுவாமியையும் ஏற்றுங்கள், அவருக்கும் நல்லது.

நம்முடைய யாழ்ப்பாணத் தீவுகளின் கட்டடங்களுக்கு இரண்டு நோய் பொது. ஒன்று, கொங்கிறீற்றுக்குள்ளே இருக்கும் கம்பி. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும்; துருப்பிடித்த கம்பி பருக்கும்; பருத்தால் கொங்கிறீற்று வெடித்துக் கட்டி கட்டியாக விழும். உங்கள் மணிக்கூண்டு வெடித்தது இதனால்தான், மின்னல் அடித்து அல்ல. கடற்காற்று கொண்டுவருகிற உப்பு காணாதென்று, சவர்க்கிணற்றுத் தண்ணீரில் குழைத்து, கரையில் அள்ளிய மண்ணையும் போட்டுக் கட்டினால் நோயைக் கையோடு உள்ளே வைத்துப் பூசினதுபோலத்தான். நல்ல தண்ணீர் பவுசரில் வரவேண்டும், அந்தச் செலவு மதிப்பீட்டில் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

மற்றது பழைய சுவர். நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் பழைய கட்டடங்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். அந்தச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சீமெந்துப் பூச்சுப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே நின்று, உப்புப் பூத்து, இரண்டு மாரி போக பூச்சுப் பாளம் பாளமாகக் கழரும். சனம் மேசனைத் திட்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான். அந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது குறைவு. காசு சேர்க்கத் தொடங்குமுன் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.

இரண்டு மேசன்மாரிடம் தனித்தனியே மதிப்பீடு வாங்கி, இரண்டையும் கோயில் கதவில் ஒட்டுங்கள்.

2. ஊர்க் காசு முந்தட்டும், வெளிநாட்டுக் காசு பிந்தட்டும்.

மிச்சத்தை வாசிக்கப் பஞ்சிப்பட்டாலும் இதை வாசியுங்கள்.

இன்றைக்கு மிக இலேசான வழி எது என்று உங்களுக்குத் தெரியும். ஒழுகுகிற கூரையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால், ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் ஒரு கிழமைக்குள் காசு வந்துவிடும். பங்கில் இருக்கிற குடும்பங்களைவிடப் பங்கை விட்டுப் போன குடும்பங்கள்தான் அதிகம். 1990, 1991இல் தீவுகளில் இராணுவம் இறங்கியபோது ஊர்காவற்றுறை, வேலணை, மண்டைதீவுப் பக்கமெல்லாம் சனம் உடுத்த உடுப்போடு ஓடியது. ஓடியவர்களில் பலர் யாழ்ப்பாணத்தோடு நிற்கவில்லை, கடல் கடந்து போய்விட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற கோயில் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. அவர்கள் அனுப்புகிற காசில் ஒரு குறையும் இல்லை. நான் சொல்வது வரிசையைப் பற்றி.

வெளிநாட்டுக் காசு முந்தி வந்தால் இங்கே இருக்கிற சனம் வேடிக்கை பார்க்கிற சனமாகிவிடும். காற்றில் ஓடு சரிந்தால், "அதைக் கனடாக்காரர் பார்ப்பினம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இதை என் காதால் கேட்டிருக்கிறேன். நம்முடைய தீவுகளில் ஒரு கோயில் இருக்கிறது, பெயர் வேண்டாம். வெளிநாட்டுக் காசில் பளபளவென்று மாபிள் பதித்தார்கள். மேலே கூரை பழைய கூரை. மாரியில் அது மாபிளிலேயே ஒழுகும். பூசைக்கு வந்த கிழவிகள் வழுக்கி விழுந்ததும் உண்டு. உள்ளூர்ச் சனத்தைக் கேட்டிருந்தால் கூரையைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். அவர்களைக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை, ஏனென்றால் காசு அவர்களிடமிருந்து வரவில்லை.

கச்சதீவு அந்தோனியார் கோயிலை நினைத்துப் பாருங்கள். இராமநாதபுரம் பக்கத்துச் சீனிக்குப்பன் படையாட்சி போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினதாகச் சொல்லப்படுகிற சின்னக் கோயில் அது. 2016இல் அதன் பக்கத்தில் இலங்கைக் கடற்படை புதிய கோயிலைக் கட்டிக்கொடுத்தது. அந்த ஆண்டு டிசெம்பர் 23ஆம் திகதி யாழ்ப்பாண ஆயர் யஸ்ரின் ஞானப்பிரகாசம் ஆண்டகை அதைத் திறந்துவைத்தார். தங்களைக் கேட்காமல் கட்டுகிறார்கள் என்று தமிழ்நாட்டில் அப்போது எதிர்ப்பு எழுந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கச்சதீவில் குடியிருப்பு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. தவக்காலத்தில் திருவிழா நாட்களில் மட்டும்தான் இரண்டு கரைச் சனமும் அங்கே கூடும். ஆளில்லாத தீவில் யாரோ ஒருவர் கட்டித்தான் கொடுக்க வேண்டும். நம்முடைய கோயில் ஆளில்லாத தீவில் நிற்கவில்லையே.

ஆகவே வெளிநாட்டுக்கு ஒரு படம்கூட அனுப்புமுன், பங்கில் குடியிருக்கிற, கொடுக்க இயலுமான ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். நூறு ரூபா என்றாலும் காரியமில்லை. பிறகு வெளியே எழுதும்போது, "இங்கே கொடுக்க இயலுமான எல்லாக் குடும்பமும் கொடுத்துவிட்டது, இவ்வளவு சேர்ந்திருக்கிறது, மிச்சம் இவ்வளவு" என்று எழுதுங்கள். ஒழுகுகிற கூரையின் படத்தைவிட அந்த ஒரு வரிக்கு இழுவை அதிகம்.

3. பெட்டியில் ஓட்டை போடுகிறவர் வேறு, எண்ணுகிறவர் வேறு.

அரசர்கள் இரண்டாம் நூலில் பன்னிரண்டாம் அதிகாரத்தை உங்கள் முதல் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். யோவாசு அரசன் எருசலேம் கோயிலைத் திருத்தச் சொல்லிக் காசு சேர்க்கும் பொறுப்பைக் குருக்களிடம் கொடுத்தான். அவனுடைய ஆட்சியின் இருபத்து மூன்றாம் ஆண்டிலும் திருத்தம் நடக்கவில்லை. காசு எங்கே போனதென்று வேதம் விபரம் சொல்லவில்லை, எங்களுக்கு ஊகிக்கத் தெரியும். பிறகு குரு யோயாதா ஒரு பெட்டி எடுத்து, மூடியில் துளை போட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்டி நிறைந்ததும் அரசனின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். காசு வேலையை மேற்பார்த்தவர்கள் வழியாகத் தச்சர், கொத்தர், கல்வெட்டுவோர் கைக்குப் போனது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தக் காசில் வெள்ளிக் கிண்ணமோ எக்காளமோ பொன் பாத்திரமோ செய்யவில்லை. கூரைக்குக் கொடுத்த காசு கூரைக்கே போனது. நீங்கள் ஓட்டுக்கென்று சேர்த்த காசில் புதிய ஒலிபெருக்கி வாங்கலாமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார், அப்போது இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல் அப்போஸ்தலரும் இதே முன்யோசனையோடுதான் இருக்கிறார். நன்கொடையைக் கொண்டுவரத் தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரரையும் அனுப்புகிறார், ஒருவரும் குறை சொல்லக்கூடாதென்று. பவுலையே சந்தேகிக்க ஆள் இருந்தது. உங்களையும் என்னையும் சந்தேகிக்க மாட்டார்களா?

எண்ணுகிற நேரம் இப்படி இருக்கட்டும். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள். சபையில் இருவர், சபையில் இல்லாத ஒருவர், அதுவும் கிழமைக்குக் கிழமை வேறு ஆள். நம்முடைய உண்டியல் காசு எப்படியிருக்கும் என்று பார்த்தால்தான் தெரியும். எட்டாக மடித்து விரல் நகம் அளவுக்குச் சுருக்கிய ஐம்பது ரூபாத் தாள், மீன் செதில் ஒட்டியிருக்கும் நூறு ரூபா, ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இருபதுகள். அவசரப்படாமல் பிரித்து, கையால் நீவி, தலைப்பக்கம் ஒரே திசையில் வைத்து எண்ணுங்கள். எண்ணி முடிந்ததும் கொப்பியில் தொகையை எழுத்தாலும் இலக்கத்தாலும் எழுதி மூவரும் ஒப்பமிடுங்கள். திங்கட்கிழமை காசு வங்கியில் இருக்க வேண்டும், பொருளாளரின் அலுமாரியில் அல்ல. கணக்கு மூன்று பேர் பெயரில், எடுப்பதற்கு இருவர் ஒப்பம்.

பற்றுச்சீட்டுக் கொப்பி இலக்கமிட்டதாக இருக்கட்டும். நூறு ரூபாவுக்கும் சீட்டுக் கொடுங்கள். "எனக்கெதுக்கு, நான் உங்களை நம்புறன்" என்பார்கள். நம்புகிறவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

4. கடலைப் பார்த்துக் கேளுங்கள்.

நம்முடைய பங்கில் பாதிக்கு மேல் தொழிலுக்குப் போகிற குடும்பங்கள். சோளகம் கடுமையாக அடிக்கிற காலத்தில் நெடுந்தீவுப் பக்கம் வள்ளம் இறக்கவே முடியாத நாட்கள் உண்டு. அந்த நேரம் வாசலில் போய் நின்றால் அவர்கள் கடன் வாங்கித்தான் தருவார்கள். கடன் வாங்கித் தந்த காசு கோயிலுக்கு வேண்டாம். ஜனவரியில் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து. அப்போதும் போகாதீர்கள். ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரை தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. இழுவைமடிப் படகுகள் வராததால் நம்முடைய வலைகள் அந்த நாட்களில் கொஞ்சம் நிம்மதியாகக் கடலில் கிடக்கும். அதன் முன்பாதி, காற்று முழுதாக எழும்பமுன், கேட்கத் தகுந்த காலம் என்பது என் கணிப்பு. உங்கள் கரையைப் பற்றி உங்கள் சம்மாட்டிமாரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

2022ஐ மறக்காதீர்கள். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. அதுவரை எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வள்ளங்கள், பிறகு எண்ணெய் கிடைத்தும் கரையில் கிடந்தன. சீமெந்து விலையும் அந்த ஆண்டில் இரண்டு மடங்கு ஆனது. அப்படி ஒரு காலம் மறுபடி வந்தால் வேலையை நிறுத்துங்கள், கேட்பதையும் நிறுத்துங்கள். கோயில் ஒரு மாரி ஒழுகட்டும்.

5. பெயர் வாசிக்கிற பழக்கத்தை விடுங்கள்.

இன்னார் ஐயாயிரம், இன்னார் இரண்டாயிரம் என்று ஒலிபெருக்கியில் வாசிப்பது நம்மூரில் பழைய வழக்கம். அதனால் காசு கூடச் சேரும் என்பதை நான் மறுக்கவில்லை. சேருகிற காசில் ஒரு பங்கு வெட்கத்துக்குப் பயந்து வருகிறது. மூன்றாம் வாங்கில் இருக்கிற கைம்பெண், இருநூறு ரூபா என்று தன் பெயரைக் கேட்டபின் அடுத்த ஞாயிறு பூசைக்கு வரமாட்டாள். மொத்தத் தொகையை மட்டும் அறிவியுங்கள். யார் எவ்வளவு என்பது கொப்பியில் இருக்கட்டும், கேட்பவருக்குத் தன் வரியை மட்டும் காட்டலாம்.

கைம்பெண்ணின் இரண்டு காசுக் கதையைப் பிரசங்கத்தில் சொல்லிக் காசு கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அதற்குச் சரியாக மேலே உள்ள வசனங்களைப் பாருங்கள்: கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞரைப் பற்றி எச்சரித்துவிட்டுத்தான் ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு முன் போய் உட்காருகிறார். அந்த வசனங்களை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் வாசிப்பது வசதியான வாசிப்பு.

6. காசில்லாதவரிடம் வேறு இருக்கிறது.

சிரமதானத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதையும் கணக்கில் எழுதுங்கள். ஓர் ஆள் ஒரு நாள் மண் சுமந்தால், அன்றைய கூலி எவ்வளவோ அதை அவர் பெயரில் நன்கொடை என்று எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். வள்ளக்காரர் சீமெந்து ஏற்றிவந்தால் வாடகையை அப்படியே எழுதுங்கள். வேலையாட்களுக்கு மத்தியானம் மீன்குழம்பு சமைத்துத் தருகிற பெண்கள் நம்மூரில் எப்போதும் உண்டு, அவர்களின் பெயர் எந்தக் கணக்கிலும் ஒருபோதும் வருவதில்லை. இந்த முறை வரட்டும்.

ஒவ்வொரு நேரச் சமையலிலும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கிற வழக்கம் நம்முடைய பாட்டிமார் காலத்தில் சைவருக்கும் வேதக்காரருக்கும் பொதுவாக இருந்தது. ஒரு தென்னையைக் கோயிலுக்கென்று நேர்ந்துவிடுவதும் அப்படித்தான். இன்றைக்கும் கேட்டால் செய்வார்கள். நேர்ந்துவிட்ட தென்னையின் தேங்காய் காசாகிறதா என்று பார்க்க ஒரு பொறுப்பான பொடியனைப் போடுங்கள், இல்லாவிட்டால் கோயில் தேங்காய் எல்லாருடைய கறியிலும் விழும்.

7. வெளிநாட்டுக்கு ஒரு கடிதம், ஒரு கணக்கு, ஒரு ஆள்.

தலைவர் லண்டனில் மச்சானிடம் கேட்க, செயலாளர் பிரான்சில் தம்பியிடம் கேட்க, முன்னாள் தலைவர் தன் பாட்டுக்குச் சுவிசில் கேட்க, ஒரே சிலாகைக்கு மூன்று பேர் காசு அனுப்பிய கதைகள் தீவுகளில் தாராளம். ஒருவரே எழுதட்டும். தனியார் வங்கிக் கணக்குக்கு ஒரு சதமும் வரக்கூடாது, தன்னுடையதுதான் வசதி என்று பங்குத்தந்தையே சொன்னாலும். காசு வந்து சேர்ந்த நாளே பதில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் படம், செலவு, மிச்சம்.

அவர்கள் கல்வெட்டுக் கேட்பார்கள். அப்பா அம்மா ஞாபகமாக என்பார்கள், பாவம், மனம் கேட்கும்தான். எல்லாருக்கும் சேர்த்துக் கதவடியில் ஒரே கல், தொகை இல்லாமல், அகர வரிசையில். அதற்கு மேல் இடம் கொடுத்தால் வாங்கில் ஒரு பெயர், தூணில் ஒரு பெயர், காற்றாடியின் மூன்று இறகிலும் ஒரே குடும்பத்தின் பெயர் என்று வந்து நிற்கும். காற்றாடி சுற்றும்போது அதை வாசிக்க முயன்று பிரசங்கத்தைக் கோட்டைவிட்டவன் நான்.

8. பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பம் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் எத்தனை பேர் சைவர் என்று உங்களுக்குத் தெரியும். நம்முடைய பிள்ளைகளும் நயினாதீவு நாகபூசணி அம்மன் தேருக்குக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறாமலா விடுகிறார்கள்? சைவக் குடும்பங்களிடம் போய்க் கேட்பது முறையல்ல. அவர்களாகத் தந்தால் மறுப்பதும் முறையல்ல.

அவர்களிடம் ஒன்று படிக்கவும் இருக்கிறது. சைவக் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை திருப்பணி செய்து கும்பாபிசேகம் நடத்த வேண்டும் என்ற முறை இருக்கிறது. எப்போதும் நேரத்துக்கு நடக்காது, ஆனால் அந்த ஆண்டு வருகிறது என்று ஊருக்குத் தெரியும், காசும் மனமும் முன்னமே ஆயத்தமாகும். நமக்கு அப்படி ஒரு நாட்காட்டி இல்லை. கூரை தலையில் விழுந்தபிறகுதான் கூட்டம் போடுகிறோம். ஆகவே ஆண்டுதோறும் மாரிக்கு முன், செப்டெம்பரில் ஒரு ஞாயிறைக் கூரை பார்க்கிற நாளாக வையுங்கள். ஓடு மாற்றுவது, பீலி துப்புரவாக்குவது, கம்பி தெரிகிற இடத்தில் உடனே பூசுவது. அன்றைய காணிக்கை முழுவதும் அந்தக் கணக்குக்கு.

9. "என் வீட்டுக்கே கூரையில்லை" என்று சொல்கிறவருக்கு.

அவர் சொல்வது சரி. ஆண்டவரின் இல்லம் பாழாய்க் கிடக்க நீங்கள் மாடிவீட்டில் இருக்கிறீர்களா என்று ஆகாய் இறைவாக்கினர் கேட்டதை எடுத்து அவரிடம் ஓதாதீர்கள். அது மாடிவீட்டுக்காரருக்குச் சொன்னது. மீள்குடியேறி இத்தனை ஆண்டான பிறகும் தகரக் கொட்டிலில் இருக்கிற குடும்பங்கள் நம்முடைய தீவுகளில் இருக்கின்றன. அவர்களுடைய பெயரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துச் சுவாமியின் பட்டியலில் போடுங்கள், உதவி பெறுகிறவர் பட்டியலில்.

அதோடு, கோயில் கட்டடம் யாருக்கு என்ற கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். 2006 ஆகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டியில் ஷெல் விழத் தொடங்கியபோது சனம் ஓடியது பிலிப் நேரியார் கோயிலுக்குள்ளேதான். அங்கேயும் ஷெல் விழுந்தது, பலர் செத்தார்கள். மிஞ்சியவர்களை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார். ஒரு கிழமைக்குள், ஆகஸ்ட் 20ஆம் திகதி, அவர் காணாமற்போனார். எந்தச் சாதிக்காரரும் எந்தச் சமயத்தவரும் ஓடிவந்து ஒதுங்குகிற கட்டடம் கோயில் என்பதைத் தீவுச் சனத்துக்கு நாங்கள் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. புயல் காலத்திலும் அப்படித்தான். ஆகவே பீடத்தை அலங்கரிக்கமுன் கழிப்பறையைக் கட்டுங்கள், தண்ணீர்த் தாங்கியை வையுங்கள், மண்டபத்துக்கு ஒரு சோலர் விளக்குப் போடுங்கள். "கோயிலுக்குக் கொடுக்க மாட்டேன், கழிப்பறைக்குத் தாறன்" என்று ஒருவர் சொன்னால், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிச் சீட்டை எழுதுங்கள்.

10. இடித்துவிட்டுக் கட்டுவோம் என்று சொல்கிறவரை உட்கார வையுங்கள்.

சபையில் ஒருவராவது சொல்வார். அவர் கையில் பிளானும் இருக்கும், இரண்டு கோபுரத்தோடு. இடிக்க ஒரு நாள் போதும். கட்டி முடிக்கும்வரை பூசை தகரப் பந்தலுக்குள். பாதியில் காசு முடிந்தால் அந்தப் பந்தலே கோயில், அதற்குள் பங்குத்தந்தை இரண்டு முறை மாறிவிடுவார். ஒவ்வொரு புதுச் சுவாமிக்கும் ஒரு புதுப் பிளான்.

ஊர்காவற்றுறை யாகப்பர் கோயில் போரில் கூரையை இழந்து நெடுங்காலம் முகப்பும் சுவருமாக நின்றது. கூரையில்லாமல் இத்தனை மாரியும் இத்தனை உப்புக்காற்றும் அடித்தும் அந்தச் சுவர் நின்றதைப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் சுவர் எவ்வளவு தாங்கும் என்பது விளங்கும். நெடுந்தீவில் வேலிகூட முருகைக்கல் வேலி. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பதற்கு இப்போது சட்டம் விடாது. ஆகவே இடித்தால் அந்தக் கல் திரும்ப வராது. விழுந்த கல்லைக்கூட ஒரு பக்கமாக அடுக்கி வையுங்கள், வேறு மூலைக்கு உதவும்.

வேலையைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள். இந்த ஆண்டு கூரை மட்டும். அது முடிந்து, கணக்கும் கதவில் ஒட்டியபிறகு, கழிப்பறை. மணிக்கூண்டு கடைசி, மணியை அதுவரை வேம்பில் கட்டி அடிக்கலாம். ஒரு துண்டு முடிந்ததைக் கண்ணால் கண்டவர் அடுத்த துண்டுக்குக் கேளாமலே தருவார்.

11. வட்டாரச் சண்டையைப் பிரிப்பது உங்கள் வேலை அல்ல.

கிழக்குப் பக்கத்தார் கொடுத்தால் மேற்குப் பக்கத்தார் கொடுக்கமாட்டார்கள், உபயம் யாருக்கு முதல் என்று எப்போதோ தொடங்கிய பிணக்கு. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பேர் கொண்ட ஒரே குழுவாகப் போங்கள். "அவை எவ்வளவு தந்தவை?" என்று கேட்டால் சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடியுங்கள்.

12. காணும் என்றால் காணும் என்று சொல்லுங்கள்.

யாத்திராகமத்தில் திருஉறைவிடம் கட்டும்போது சனம் வேண்டியதற்கு மேல் கொண்டுவந்து குவித்ததால், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளையமெங்கும் அறிவிக்க வேண்டியிருந்தது. நம்முடைய ஆலய சபைகள் அப்படி அறிவித்ததை நான் கேள்விப்படவில்லை. இலக்குத் தொகை வந்த ஞாயிறு, பூசை முடிவில் எழுந்து, "கூரைக்குக் காசு போதும், இனித் தரவேண்டாம்" என்று சொல்லுங்கள். சனம் திகைத்துப் போகும். மிஞ்சியது கூரை பார்க்கிற நாளின் கணக்குக்குப் போகட்டும், விருந்துக்கு அல்ல.

13. சாமான் ஏற்றுவது.

சீமெந்தை மாரிக்கு முன்னும் வாங்கி வைக்காதீர்கள், காற்றுக் காலத்திலும் ஏற்றாதீர்கள். தீவுக் காற்றின் ஈரத்தில் பையோடு இறுகிக் கல்லாகிவிடும். வேலைக்கு வேண்டிய பைகளை மட்டும், மூன்று கிழமைக்கு மேல் கிடக்காதபடி, அவ்வப்போது எடுங்கள். வள்ளத்தில் அடியில் பலகை, மேலே தறப்பாள், பக்கத்தில் ஒரு ஆள் இருந்து பார்க்க வேண்டும். இறங்குதுறையில் எண்ணி ஏற்றி, இந்தக் கரையில் எண்ணி இறக்கி, இரண்டு இடத்திலும் ஒப்பம். கிழிந்த பைக்கு யார் பொறுப்பு என்பதை ஏற்றமுன் பேசிக்கொள்ளுங்கள். காரைநகர்ப் பக்கமிருந்து வாங்கினால் பாதைப் படகில் உழவு இயந்திரத்தோடு ஏற்றி ஊர்காவற்றுறையில் இறங்கலாம், ஆனால் அது ஓடுகிறதா என்று முதல்நாளே விசாரியுங்கள். வள்ள வாடகையைத் திருவிழாக் கிழமையில் பேசாதீர்கள். அந்தக் கிழமை எல்லா வள்ளமும் சனம் ஏற்றத்தான் பார்க்கும், கேட்டால் இரட்டிப்புச் சொல்வார்கள்.